ஒரு உரல், ரெண்டு உலக்கை

"தாயி, எனக்கு ஒரே ஒரு வார்த்தை சொல்லிக் குடுங்க. அதைச் சொன்னா எங்க ஓர்ப்படி வாயடைச்சுப் போகணும்."

வடிவு மூச்சு வாங்க மடத்துக்கு வந்து இப்படிக் கேட்டாள். அவள் அந்த மடத்துத் தாயிக்குச் சிஷ்யை. இடுப்பில் கைப்பிள்ளை.

தாயி முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்படி என்ன சண்டை?"

"கிணறு, தாயி. எங்க ரெண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரு கிணறு. வாசலுக்கு எதிர்ல வெட்டணும்னு நான் சொல்றேன். மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னாலன்னு அவங்க சொல்றாங்க. கிணறு வெட்டுற சடையன் வந்து உட்கார்ந்திருக்கார். பொழுது சாயறதுக்குள்ள இடம் சொல்லலேன்னா அடுத்த ஊருக்குப் போயிடுவாராம். அவர் போனா இந்தக் கோடையும் ஆத்துக்குத்தான் குடம் தூக்கணும்."

"அவ ஏன் கொட்டிலுக்குப் பின்னால கேக்குறா?"

"ஏன்னா? நான் வாசல்னு சொல்லிட்டேனே, அதனாலதான்!"

தாயி இன்னொரு கல்லை எடுத்துப் போட்டாள்.

"நாளைக்கு மடத்துல சோறு போடணும். நெல்லு குத்தாமக் கிடக்கு. உங்க ஓர்ப்படியையும் கூட்டிக்கிட்டு வா."

"நான் கூப்பிட்டா வரமாட்டாங்க."

"நான் கூப்பிட்டேன்னு சொல்லு."

ஓர்ப்படி செங்கமலம், வடிவு புருஷனின் அண்ணன் மனைவி, வந்தாள். வடிவைப் பார்க்கவில்லை. தாயியைக் கும்பிட்டுவிட்டு உலக்கையை எடுத்தாள்.

வடிவு பிள்ளையைத் தாயியின் மடியில் விட்டுவிட்டு மற்ற உலக்கையை எடுத்தாள்.

ஒரே உரலில் ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் குத்தணும். ஒன்று இறங்கும்போது ஒன்று ஏறணும். ஊரில் எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த வேலைதான்.

டக்!

ரெண்டு உலக்கையும் மோதிக்கொண்டன. நெல் தரையெல்லாம் சிதறியது.

"நான் இறக்கும்போது நீ ஏன்டி இறக்குறே?"

"நீங்க ஏன் இறக்குறீங்க?"

தாயி பிள்ளையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, சிந்திய நெல்லை மறு கையால் வாரி உரலில் போட்டாள்.

டக்!

மறுபடியும் வாரிப் போட்டாள்.

"உன் உலக்கையைப் பார்க்காதே, அவ உலக்கையைப் பாரு" என்றாள் வடிவிடம். செங்கமலத்திடம் திரும்பி, "நீயுந்தான்" என்றாள்.

அதற்கப்புறம் மோதவில்லை. திம், திம் என்று சத்தம் சீராக விழுந்தது.

"இப்ப கிணத்தைப் பத்திப் பேசுங்க. உலக்கை நிக்கக் கூடாது."

செங்கமலம் மூச்சுக்கு மூச்சு ஒரு வார்த்தையாகச் சொன்னாள்.

"எங்கம்மா வீட்டுல... வாசலுக்கு எதிர்லதான் கிணறு. என் தம்பி... தவழ்ற வயசு."

வடிவிடம் பதில் ஒன்று தயாராக இருந்தது. வீட்டிலிருந்தே யோசித்துக்கொண்டு வந்தது. வாய் திறந்தாள். கை தடுமாறியது. உலக்கை சட்டென்று இறங்கப் பார்த்தது.

அப்படியே மேலே பிடித்துக்கொண்டாள்.

"போனவன் போனவன்தான்" என்றாள் செங்கமலம். "உம் புள்ளையும் இப்ப தவழுது."

உலக்கை நின்றுவிட்டது. தாயி அதட்டவில்லை.

"இதை ஏன்க்கா முன்னாடியே சொல்லலை?"

"நீ எங்கடி சொல்ல விட்டே? சரி, நீ ஏன் வாசல்ல கேக்குறே? குடம் தூக்க இடுப்பு வலிக்குதுன்னுதானே?"

"கொட்டில் மண்ணுல மூத்திரமும் சாணியும் ஊறிக் கிடக்குக்கா. தண்ணி என்னத்துக்கு ஆகும்? போன கோடையில உங்க மகளுக்கு வயித்தால போச்சே. நான்தானே தோள்ல போட்டுக்கிட்டு வைத்தியர் வீட்டுக்கு ஓடினேன். அது கண்ணு சொருகிக் கிடந்ததை என்னால மறக்க முடியலைக்கா."

செங்கமலம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "உமி கண்ணுல பட்டுருச்சு" என்றாள்.

"எனக்குந்தான்" என்றாள் வடிவு.

"நெல்லு இன்னும் பாதி கிடக்கு" என்றாள் தாயி.

குத்தி முடித்து, பிள்ளையை வாங்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்கு வந்தபோது வெயில் மஞ்சளாகியிருந்தது. சடையன் கடப்பாரையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கிளம்பி நின்றார்.

"என்னம்மா, இடம் முடிவாச்சா?"

"கொட்டிலுக்குப் பின்னால வெட்டுங்கண்ணே" என்றாள் வடிவு. "வாசல்ல கிணறு இருந்தா தவழ்ற புள்ளைக்கு ஆபத்து."

"அவ கிடக்கா. நீங்க வாசல்லயே வெட்டுங்க" என்றாள் செங்கமலம். "கொட்டில்ல ஊறுற தண்ணியைப் புள்ளைங்க குடிக்க முடியுமா?"

சடையன் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"காலையில வேற மாதிரியில்ல கத்துனீங்க? மடத்துல என்ன குடுத்தாங்க உங்களுக்கு?"

செங்கமலத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வடிவுக்கும் வந்தது. அம்மா சிரிப்பதைப் பார்த்துப் பிள்ளையும் சிரித்தது.

"இன்னைக்கும் முடிவாகாது போலிருக்கு. நான் வர்றேன்."

"போகாதீங்கண்ணே" என்றாள் செங்கமலம். "நாங்க இப்பத்தான் பேச ஆரம்பிச்சிருக்கோம்."

சடையன் கடப்பாரையை இறக்கி வைத்தார்.