கோணக்குச்சியின் கோபம்

குச்சிக்கும் கொம்புக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், மலையடிவாரத்தில் சடையாண்டி என்றொரு மேளக்காரன் இருந்தான். தினை முற்றும் நாட்களில் மேளம் அடித்துக் காட்டுப்பன்றிகளை விரட்டுவது அவன் வேலை. அந்தத் தினைதான் ஊருக்கே ஒரு வருஷத்துச் சோறு. கையில் இரண்டு மூங்கில் குச்சிகள், நூல் பிடித்தாற்போல் நேர், நுனி மெலிசு. அடித்தால் 'டங் டங்' என்று கணீரென்று கேட்கும்.

காவல் குடிசை வாசலில், விறகுக் குவியலில் ஒரு நுணா மரக் குச்சி கிடந்தாள். வில்லாக வளைந்தவள், நுனி மழுங்கியவள். போகும்போதும் வரும்போதும் சடையாண்டி அவளைக் காலால் எத்திவிட்டு, "கோணச்சி, நீ அடுப்புக்குத்தான் லாயக்கு" என்பான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். வராதா பின்னே? அவள் இளங்கிளையாக இருந்தபோது நாள் தவறாமல் தன் ஆட்டுக்கிடாவை அவள்மேல் கட்டி வளைத்தவனே இவன்தான்.

ஒரு நாள் சாயங்காலம் பன்றிகள் வந்தன. மூங்கில் சத்தம் அவற்றுக்குப் பழகிப்போயிருந்தது. "தினமும் இதே டங்குதானா?" என்று கேட்டுவிட்டுத் தினைக்குள் இறங்கின. சடையாண்டி ஆத்திரத்தில் ஓங்கி அடிக்க, ஒரு மூங்கில் பிளந்துபோனது. ஓடிப்போய்க் கைக்குக் கிடைத்த கோணச்சியை எடுத்தான்.

"அடிடி."

"மாட்டேன். வளைச்சது நான்தான், தப்புதான்னு சொல்லு. அடிக்கிறேன்."

"பயிரு போகுது. இப்பவா நியாயம் கேக்குற?"

"வேற எப்ப கேக்குறது? அடுப்புல வெந்த பிறகா?"

அவன் அவளை மேளத்தோலில் அழுத்தினான். அவள் எழும்ப மறுத்தாள். அவன் இழுத்தான், அவள் தோலை விடவில்லை. இருவரின் வீம்பில் தோல் தேய, மேளத்துக்குள்ளிருந்து 'உர்ர்ம்ம்' என்று ஒரு சத்தம் கிளம்பியது. புலி என்று நினைத்துப் பன்றிகள் விழுந்தடித்து ஓடின. தினை பிழைத்தது.

ஊர் கூடியது. அந்த மனுஷன் என்ன சொன்னான் தெரியுமா? "அன்னைக்கே கிடாவக் கட்டி இவளை வளைச்சு வச்சேன்ல, அதான் இந்தச் சத்தம்!" அவள் கேட்டது ஒரே ஒரு வார்த்தை. அவன் அடித்ததோ தம்பட்டம்.

அன்று முதல்தான் அந்த மேளத்துக்கு உறுமி என்று பெயர். ஒரு பக்கம் நேர்க்குச்சி அடிக்கும், மறுபக்கம் வளைந்த குச்சி தேய்க்கும். கேட்கிறவர்கள் தலையாட்டி ரசிக்கிறார்கள். அவள் இன்னும் அவனைத் திட்டி முடிக்கவில்லை.