நிறைவி சொன்ன பொய்

அந்தக் காலத்தில் ஆடு மாடு மட்டுமா பேசின? உடம்புக்குள் இருக்கும் எலும்பும் ரத்தமும்கூட வாய் ஓயாமல் பேசின. உப்பளத்தில் வேலை செய்த சவரியம்மாளின் உடம்புக்குள் நிறைவி என்றொரு சுரப்பு இருந்தாள். கொழுப்பில் ஊறி, ரத்தத்தில் ஓடி, "வயிறு நிறைஞ்சிடுச்சுங்கய்யா" என்று மூளையிடம் சொல்வதுதான் அவள் வேலை. ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

ஒரு மழை மாதத்தில் விஷக்காய்ச்சல் நுழைந்தான். வருஷா வருஷம் சட்டை மாற்றும் கள்ளன் அவன். வெள்ளணுக் காவலர்களோ சட்டையைப் பார்த்துத்தான் ஆளை அறிவார்கள். புதுச் சட்டையைக் கண்டதும், "வாங்க மாமா" என்று நெஞ்சுக்கே வழிவிட்டார்கள், கூறுகெட்டவர்கள்!

நிறைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சட்டைதான்யா புதுசு, ஆள் பழைய திருடன்! மூச்சுப்பையை நாசம் பண்றான் பாருங்க!"

காவலர்கள் பதறினார்கள். "ஆமா தாயி, ஏமாந்துட்டோம். ஆனா படையை எப்படிக் கூட்டுறது? ரத்தமெல்லாம் இரைப்பைப் பக்கம் போயிடுச்சே!"

வெளியே சவரியம்மாளின் கணவன் அந்தோணி, தெம்பு வரட்டும் என்று கவளம் கவளமாக ஊட்டிக்கொண்டிருந்தான். பாவம், அவனுக்கென்ன தெரியும்? பொழுது சாய்வதற்குள் அவளுக்கு மூச்சு நின்றுவிடும் போலிருந்தது.

நிறைவி ஒரே ஓட்டமாக மூளையிடம் போனாள்.

"நிறைஞ்சிடுச்சுங்கய்யா."

"அதுக்குள்ளயா? நாலு வாய்கூட இறங்கலையே!"

"நான் என்னைக்காவது பொய் சொல்லியிருக்கேனா?"

மூளை நம்பியது. சவரியம்மாள் தட்டைத் தள்ளினாள். "வேணாங்க, வாயெல்லாம் கசக்குது."

ரத்தம் நெஞ்சுப் பக்கம் திரும்பியது. நிறைவி காவலர்களை ஒவ்வொருவராக உலுக்கி எழுப்பினாள். "விடாதே, அடி!" மூன்று நாள் சண்டை. உடம்பு அனலாய்க் கொதித்தது. நாலாம் நாள் வேர்த்துக் கொட்டியது, கள்ளன் ஒழிந்தான்.

மூளை அவளைக் கூப்பிட்டது. "பொய்தானே சொன்னே?"

"ஆமாங்கய்யா. அவன் திரும்ப வந்தா திரும்பவும் சொல்வேன். என்னைத் தண்டிச்சுக்குங்க."

மூளை சொன்னது: "சொல்லிக்கோ. ஆனா அவன் ஒழிஞ்சதும் நீ வாயை மூடிக்கணும். பசி பேசட்டும்."

அன்று முதல்தான் காய்ச்சல் கண்டவருக்குச் சோறு கசக்கிறது. படுத்துக் கிடந்தவர் "பசிக்குது" என்று சொன்னதும், பிழைத்துவிட்டார் என்று வீட்டார் கண்கலங்கி அடுப்பு மூட்டுகிறார்கள்.