பனச்சிவிளைக்கு வந்த மக்கா

பனச்சிவிளையில ஏழு பேரு சேந்து வடம் இழுக்கிற டீம் ஒண்ணு வச்சிருந்தாங்க. டீம் பேரு 'சூறாவளி'. ஏழு பேருக்கும் சேத்து மூளை ஒண்ணுதான். அது இன்னைக்கு யாருகிட்ட இருக்குன்னு தினமும் தகராறு. பெரும்பாலும் தன்கிட்டதான் இருக்குன்னு கேப்டன் தாசையனுக்கு ஒரு நம்பிக்கை.

ஒவ்வொரு திருவிழாவுக்கும் சூறாவளி பக்கத்து ஊரு கல்லுவிளைகிட்ட தோக்கும். கோட்டைத் தாண்டிப் போயி விழுந்து, எந்திரிச்சு, மண்ணைத் தட்டிக்கிட்டு, "யாரு லே ஜெயிச்சா?"ன்னு கேக்கிற மாதிரி தோல்வி. இந்த வருஷம் சர்ச் கமிட்டிக்குப் பொறுமை போச்சு. "இதுலயும் தோத்தா வடத்த எடுத்து கோயில் மணிக்குக் கட்டிருவோம். சத்தமாவது வரும்"னு சொல்லிட்டாங்க.

தாசையனுக்கு அன்னைக்கு சோறு எறங்கல. வடம் போனா அவன் எதுக்குக் கேப்டன்? கல்யாணப் பத்திரிகையிலயே பேருக்குக் கீழ 'கேப்டன், சூறாவளி'ன்னு அச்சடிச்சவன் அவன்.

குவைத்துல நர்ஸா இருக்கிற தங்கச்சி ரெஜினிகிட்ட போன்ல அழுதான். அவ ஊருக்கு வந்த ஒருத்தர்கிட்ட ஒரு பாக்கெட் குடுத்துவிட்டு, வாய்ஸ் மெசேஜும் போட்டா. ஏழு பேரும் போனைச் சுத்தி முட்டங்கால் போட்டுக் கேட்டாங்க.

"அண்ணா, மக்கா வேர்ப்பொடி. முள்ளங்கி மாதிரி ஒரு கிழங்கு, பெரு நாட்டு மலையில விளையுது. உடம்புக்குத் தெம்பு, களைப்பு தெரியாதுன்னு சொல்லுதாங்க. ரொம்ப நம்பிராத, இன்னும் சரியா நிரூபிக்கல. காலையில வெறும் வயித்துல ஒரு ஸ்பூன், ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு ஸ்பூன். தைராய்டு இருந்தா டாக்டர்கிட்ட கேட்டுக்கோ."

அந்தப் பக்கத்துல கூட்டாளியில இருந்து நாய்க்குட்டி வரைக்கும் எல்லாரையும் 'மக்கா'ன்னுதான் கூப்பிடுவாங்க. அதனால டீமுக்கே சட்டம் பேசுற வேதமாணிக்கம் தொண்டையச் செருமினான்.

"எலே, பொடிக்குப் பேரே சொல்லல, கவனிச்சியளா? 'மக்கா, வேர்ப்பொடி'ன்னு நம்மளக் கூப்பிட்டுச் சொல்லுகா."

"பாசக்காரி லே," அப்படின்னான் கொச்சப்பி. வடத்தோட கடைசியில நிக்கிறவன். டீம்லயே கனமான ஆளு, அதாவது உடம்புல.

"நாட்டுக்கும் பேரு சொல்லல. பெருநாடாம். பெரிய நாடுன்னு மட்டும் தெரிஞ்சிருக்கு."

"அப்போ இந்தியாதான்." தாசையன் முடிவு சொல்லிட்டான். "தைராய்டு இருக்கா லே யாருகிட்டயாவது?"

"வீட்டுல பாத்துட்டுதான் சொல்ல முடியும்," அப்படின்னான் கொச்சப்பி.

மறுநாள் விடியக்காலம் ஏழு பேரும் மைதானத்துல சட்டையக் கழத்திட்டு மல்லாக்கப் படுத்தாங்க. வெறும் வயித்துலதான போடணும்? தாசையன் ஒவ்வொருத்தன் வயித்துலயும் ஒரு ஸ்பூன் பொடியக் கொட்டிக்கிட்டே வந்தான்.

"தொப்புள்லயா, சுத்தியா?"

"வயித்துலன்னுதான் சொன்னா. தொப்புளப் பத்திப் பேச்சே இல்ல."

"எனக்கு ஒரு ஸ்பூன் காணாது லே. வயித்தப் பாரு."

"ஒண்ணுன்னா ஒண்ணுதான். அளவு மீறினா சைடு எஃபெக்ட் வரும்." சைடுன்னா விலான்னு நினைச்சு கொச்சப்பி அசையாமப் படுத்துக்கிட்டான்.

ராத்திரி ஆளுக்கொரு ஸ்பூன் பொடிய சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாடி தரையில குவிச்சு வச்சுட்டு, அதையே மொறைச்சுப் பாத்துக்கிட்டு சாப்பிட்டாங்க. வேதமாணிக்கம் பொண்டாட்டி மட்டும் விஷயம் தெரியாம மூணு தடவ பெருக்கித் தள்ளிட்டா. ஒவ்வொரு தடவையும் அவன் முதல்ல இருந்து சாப்பிட்டான்.

பொடிக்கு சுமாரா ஒரு இனிப்பு வாடை உண்டு. அது எறும்புக்குத் தெரிஞ்சுபோச்சு. தினமும் காலையில ஏழு பேரும் வயித்தத் தட்டிக்கிட்டு மைதானத்தச் சுத்தி ஓட ஆரம்பிச்சாங்க. அந்த வேகத்தப் பாத்து தாசையனுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. இத்தனை வருஷத்துல டீம் ஓடி அவன் பாத்ததே இல்ல.

பாக்கெட் காலியானதும் தங்கச்சிக்கு போன் போட்டான்.

"பொடி தீந்துட்டு மோளே. நல்ல வேலை செய்யுது. வயிறெல்லாம் எரியுது."

"எரியுதா? எப்படிண்ணா சாப்பிட்டீங்க?"

"சாப்பிடணுமா?"

நடந்ததை முழுசாக் கேட்டு முடிச்சு, ரெஜினி மெதுவாக் கேட்டா: "அண்ணா, நீ என்ன மக்கா?"

"நான் தாசையன் மோளே."

"ஐயோ, பொடிக்குப் பேருதான் மக்கா! ஒரு பாக்கெட் மக்காவ எறும்புக்குப் போட்டுட்டு எனக்கே போன் பண்ணுதியா? இனி அனுப்ப மாட்டேன். அங்கயே எங்கயாவது கெடைக்கும், தேடிப் பிடி. பிடிச்சா நான் சொல்லுத வரைக்கும் விடாத!" போனை வச்சுட்டா.

தேடினாங்க. மருந்துக்கடை, மளிகைக்கடை, மாட்டுத்தீவனக் கடை எல்லாம் ஏறி எறங்கி, கால் வலிச்சு மைதானத்து ஓரத்துல வந்து உக்காந்தாங்க. அங்க பஞ்சாயத்துக்காரங்க ரெண்டு இரும்புத் தொட்டிய சிமெண்ட் போட்டு நட்டு வச்சிருந்தாங்க. ஒண்ணு பச்சை, ஒண்ணு நீலம்.

கொச்சப்பி திடீர்னு எந்திரிச்சான். "மக்கா!"

"என்ன லே?"

"உன்னக் கூப்பிடல. மக்கா!"

"பின்ன யார லே?"

கொச்சப்பி கையக் காட்டினான். நீலத் தொட்டியில பெருசா எழுதியிருந்துச்சு: மக்கா குப்பை.

ஏழு பேரும் ஓடிப்போயி தொட்டியச் சூழ்ந்துக்கிட்டாங்க. இத்தனை நாளா அரசாங்கமே சும்மா குடுத்திருக்கு!

"பச்சைத் தொட்டியில 'மக்கும் குப்பை'ன்னு இருக்கே?" ஒருத்தன் கேட்டான்.

"அது மக்குப் பயலுகளுக்கு," அப்படின்னான் வேதமாணிக்கம். "நமக்கு அந்தப் பக்கம் வேலை இல்ல."

"உள்ள பாலித்தீன் கவரும் பிஞ்ச செருப்புமால்லா கெடக்கு?"

"பொடியாக்குகதுக்கு முந்தி அப்படித்தான் லே இருக்கும். நீ பெருநாட்டு மலையில ஏறியிருக்கியா?"

"இல்ல."

"அப்போ வாயை மூடு."

"இதையும் சாப்பிடணுமா?"ன்னு கொச்சப்பி பயந்தான்.

தாசையன் யோசிச்சான். "பிடிச்சா விடாதன்னுதான் சொன்னா. தின்னச் சொல்லல."

அன்னையில இருந்து ராப்பகலா முறை வச்சு அந்தத் தொட்டியக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. பஞ்சாயத்துத் தலைவர் வந்து, இளைஞர்களுக்கு சுத்தத்துல இவ்வளவு அக்கறையான்னு உருகி, ஏழு பேருக்கும் துண்டு போட்டு போட்டோ எடுத்துட்டுப் போனாரு.

திருவிழா வந்துச்சு. கல்லுவிளைக்காரங்க வடத்தப் பிடிச்சு நிக்கிறாங்க. இந்தப் பக்கம் ஒரு சிக்கல். வடத்தப் பிடிக்கணும்னா தொட்டிய விடணும், தொட்டிய விடக்கூடாது. வேதமாணிக்கம்தான் வழி சொன்னான். வடத்தோட வால எடுத்து கொச்சப்பியையும் தொட்டியையும் சேத்து முடிச்சுக்கு மேல முடிச்சாக் கட்டினாங்க. நடுவர் விதிப் புத்தகத்தப் புரட்டிப் பாத்தாரு. குப்பைத்தொட்டியப் பத்தி அதுல ஒரு வரி இல்ல. விசில் ஊதிட்டாரு.

கல்லுவிளை இழுத்துச்சு. ஒண்ணும் அசையல. மறுபடியும் இழுத்துச்சு. மூச்சு வாங்குச்சு. ஊரே வாயப் பொளந்துச்சு.

"வேரு வேலை செய்யுது மக்கா!" தாசையன் அழுதுகிட்டே கத்தினான்.

படார்! வடம் நடுவுல அறுந்துச்சு. கல்லுவிளைக்காரங்க ஒருத்தன் மேல ஒருத்தனா விழுந்தாங்க.

ஜெயிக்கவும் இல்ல, தோக்கவும் இல்ல. கமிட்டி கூடிப் பேசி, ஒரு துண்ட மணிக்கும் இன்னொரு துண்ட சூறாவளிக்கும் குடுத்துருச்சு. தாசையன் உடனே குவைத்துக்கு போன் போட்டான்.

"தோக்கல மோளே! வடம் நம்மகிட்டதான். எதிராளி பிடிக்கிற பாதி மட்டும்தான் போயிருக்கு. இனி எந்த வருஷம் இழுத்தாலும் நாமதான் ஜெயிப்போம்!"

தொட்டி, முடிச்சு, எல்லாத்தையும் கேட்டு முடிச்சதும் அந்தப் பக்கம் நீளமா ஒரு பெருமூச்சு.

"அண்ணா, நீங்க ஏழு பேருமே மக்கா?"

இந்தத் தடவ தாசையனுக்குக் கேள்வி நல்லாப் புரிஞ்சுது. மைதானத்தத் திரும்பிப் பாத்தான்.

"ஏழு பேரும் இல்ல மோளே, கொச்சப்பி மட்டும்தான். தொட்டியில இருந்து அவன இன்னும் அவுக்கல. நீ விடுன்னு சொன்னாத்தான விட முடியும்?"