நிழலில் வைத்த தண்ணீர்

இந்தக் கதையின் குருவுக்குத் தாடி கிடையாது. ஆசிரமமும் கிடையாது. பெயர் ஜெசிந்தா, வயது முப்பத்தொன்று. வேலூரில் ஒரு வீட்டு மொட்டை மாடியில், மண்ணே இல்லாமல் தண்ணீரில் கீரையும் புதினாவும் வளர்ப்பவர். வந்து கேட்பவர்களுக்குச் சொல்லியும் கொடுப்பார். ஆனால் ஒரு வார்த்தை போதும் என்றால் இரண்டாவது வார்த்தை அவரிடமிருந்து வராது.

சீடர் குணசீலனுக்கு நாற்பத்தாறு வயது. குருவை அவர் மேடம் என்பார், குரு அவரை சார் என்பார். இந்தக் காலத்தில் குருவும் சீடரும் இப்படித்தான்.

குணசீலன் வளர்க்க ஆசைப்பட்டது ஸ்ட்ராபெரி. அதுவும் வேலூர் வெயிலில். அக்கம்பக்கத்தில் எல்லோரும் சிரித்தார்கள். ஜெசிந்தா சிரிக்கவில்லை.

"கீரை போடலாமே சார்."

"என் பொண்ணு ஸ்ட்ராபெரிதான் கேட்டா மேடம்."

மகள் ஆதிரைக்கு எட்டு வயது. வாணியம்பாடியில் அம்மா சாருமதியோடு இருக்கிறாள். குணசீலனும் சாருமதியும் பிரிந்து இரண்டு வருடம் ஆகிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் அப்பாவுக்கு. போன தடவை பஸ்ஸில் வரும்போது ஆதிரை சொன்னாள்: "உங்க வீட்ல ஸ்ட்ராபெரி காய்ச்சா, லீவு முழுக்க நான் அங்கயே இருப்பேன்ப்பா."

'உங்க வீடு' என்று அவள் சொன்னது அவருக்கு வலித்தது. மற்றதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

குளிர் இருந்தவரை, குணசீலன் தன் வீட்டு மாடியில் வைத்த செடிகள் நன்றாகத்தான் இருந்தன. மாசி போய்ப் பங்குனி வந்ததும் மொட்டை மாடி கொதித்தது. செடியின் வேர்கள் தொங்கும் தொட்டியில் கையை விட்டால் வெந்நீர். குணசீலன் குருவிடம் ஓடினார். 

"தண்ணிய எப்படி மேடம் குளிர வைக்கிறது?"

"தொட்டிய நிழலுக்குக் கொண்டு போங்க."

"அப்புறம்?"

"சின்னத் தொட்டி சீக்கிரம் சூடாகும். பெரிய டிரம்மா மாத்துங்க. வெள்ளை அடிங்க. ஈரச் சாக்கைச் சுத்தி விடுங்க. மூடியைத் திறக்காதீங்க."

"எத்தனை நாள்ல குளிரும்?"

"குளிராது சார். சூடாகாம இருக்கும்."

குணசீலனுக்கு இது பிடிக்கவில்லை. ஏக்கம் பிடித்த மனிதனுக்கு நிதானமான வழி எதுவுமே பிடிப்பதில்லை. வீட்டுக்குப் போகிற வழியிலேயே தனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்.

காலி கூல்டிரிங்க்ஸ் பாட்டில்களில் தண்ணீர் நிரப்பி ஃப்ரீஸரில் வைத்தார். தனி ஆள் வீட்டு ஃப்ரிட்ஜ், அதில் வேறு என்ன இருக்கப் போகிறது. உறைந்ததும் தொட்டியில் போட்டார். தெர்மாமீட்டர் மடமடவென்று இறங்கியது. அன்றைக்கு அவருக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. ஐஸ் கரைந்ததும் தண்ணீர் மறுபடி சுட்டது. மறுபடி பாட்டில் போட்டார். நடுநடுவே மூடியைத் திறந்து, கையை விட்டுப் பார்த்து, திரும்ப மூடினார். சாயங்காலம் அலுவலகம் விட்டு வந்தால் தொட்டி பக்கத்திலேயே இருப்பார். மகளோடு போனில் பேச முடியாத நாட்களில் செடியிடம் பேசினார் என்று கீழ்வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வேர்கள் பழுப்பாகின. பிறகு கொழகொழவென்று ஆகி நாற்றமெடுத்தன.

அதே வாரம் சாருமதியிடமிருந்து போன் வந்தது.

"அடுத்த மாசம் நீங்க வர வேணாம். லீவுக்கும் அனுப்பறதா இல்ல."

"நான் என்ன பண்ணேன் சாரு?"

"ஒரே நாள்ல ஏலகிரி, போட்டிங், பீட்சா, பொம்மைன்னு ராணி மாதிரி வெச்சிட்டு ராத்திரி கொண்டாந்து விட்டுடறீங்க. வந்ததுலருந்து அழுகை. ரெண்டு நாள் என் சாப்பாட்டைத் தொட மாட்டேங்கறா. ஸ்கூல் வேணாங்கறா. நான் என்ன, அவளுக்கு எதிரியா?"

  மறுநாள் காலை குணசீலன், அழுகிய செடி ஒன்றை நியூஸ்பேப்பரில் சுற்றிக்கொண்டு குருவிடம் போனார்.

ஜெசிந்தா வேரைப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"ஐஸ் போட்டீங்களா?"

"போட்டேன் மேடம். குளிரத்தானே போட்டேன்? ஏன் இப்படி ஆச்சு?"

ஜெசிந்தா கீழே போய் ஒரு வாளியில் தண்ணீரும் ஐஸ்கட்டியும் கொண்டு வந்தார்.

"கைய விடுங்க சார்."

குணசீலன் விட்டார். முதலில் சுகமாக இருந்தது. பிறகு விரல் கடுத்தது. எடுக்கப் போனவரை ஜெசிந்தா தடுத்தார்.

"இன்னும் கொஞ்சம்."

கை மரத்துப்போனது. தண்ணீர் டேங்கின் நிழலில் இன்னொரு வாளி இருந்தது. ஜெசிந்தா அதைக் காட்டினார்.

"இப்ப அதுல விடுங்க."

விட்டவர் சட்டென்று கையை உதறினார்.

"சுடுது மேடம்."

"இன்னொரு கைய விடுங்க."

இடது கையை விட்டார். ஜில்லென்று, சாதாரணமாக இருந்தது. குணசீலன் வாளியைப் பார்த்தார், தன் இரண்டு கைகளையும் பார்த்தார்.

"நேத்துலருந்து நிழல்ல இருக்கற தண்ணி சார் அது" என்றார் ஜெசிந்தா. "அதுல ஒரு தப்பும் இல்ல."

குணசீலன் அங்கேயே குந்தினார். கையிலிருந்து தண்ணீர் சொட்டிக் காய்ந்தது.

"என் பொண்ணு வீட்டுக்குப் போனதும் ரெண்டு நாள் சாப்பிட மாட்டேங்கறாளாம் மேடம்."

"நான் வேரைப் பத்திதான் சார் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு ஜெசிந்தா புதினா கிள்ளப் போய்விட்டார்.

அதன் பிறகு குணசீலன் ஃப்ரீஸரைக் காலி பண்ணினார். பெரிய டிரம் ஒன்று வாங்கி வெள்ளையடித்து, மாடிப்படி ஓரம், மத்தியான வெயில் படாத இடத்தில் வைத்தார். சாக்கு சுற்றினார். மூடியைத் திறக்கக் கை துறுதுறுத்தபோதெல்லாம் டிரம்மை வெளியிலிருந்து தொட்டுப் பார்த்துக்கொண்டார். சாருமதிக்குப் போன் செய்து, ஒரே ஒரு ஞாயிறு கேட்டார். எங்கேயும் கூட்டிப் போகமாட்டேன், வீட்டில்தான் இருப்போம் என்றார். அவள் யோசித்துவிட்டு, சரி என்றாள்.

சித்திரை மாத ஞாயிறு அது. செடிகளில் ஒன்றுதான் பிழைத்திருந்தது. அதில் ஒரே ஒரு காய், பாதி வெள்ளையாக.

"இன்னிக்கு எங்கப்பா போறோம்?" என்று ஆதிரை கேட்டாள்.

"எங்கயும் இல்லம்மா. இந்தச் சாக்கு காய்ஞ்சு போச்சு, நனைக்கணும்."

அவள் முகம் சுருங்கியது. குணசீலன் கடிகாரத்தைப் பார்த்தார். பஸ் பிடித்தால் இப்போதுகூட ஏலகிரிக்குப் போய்விடலாம். போகவில்லை. சற்று நேரம் கழித்து ஆதிரை பிளாஸ்டிக் மக்கை எடுத்துச் சாக்கில் தண்ணீர் ஊற்றினாள். பிறகு தன் காலில் ஊற்றிக்கொண்டாள், அப்பா காலிலும் ஊற்றினாள். மத்தியானம் தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல். சாப்பிட்டுவிட்டு ஃபேனுக்கு அடியில் தூங்கினாள். குணசீலன் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எழுந்ததும் காயைப் பார்க்க ஓடினாள், பறிக்கவில்லை. பழுக்கட்டும் என்று அவளே சொன்னாள்.

இருட்டும் முன் வாணியம்பாடியில் கொண்டு போய் விட்டார்.

மறுநாள் காலை குருவின் மாடியில் போய் நின்றார். கண்கள் சிவந்திருந்தன.

"செடி போச்சா சார்?"

"ஒண்ணு இருக்கு மேடம். தண்ணி நல்லா இருக்கு."

"பொண்ணு வந்தாளா?"

"வந்தா. ராத்திரி சாருமதி போன் பண்ணினா. வீட்டுக்கு வந்து ரெண்டு தோசை சாப்பிட்டுத் தூங்கிட்டாளாம். அடுத்த ஞாயிறும் கூட்டிட்டுப் போங்கன்னு சொன்னா."

"அப்புறம் என்ன சார்?"

குணசீலன் மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அழவே இல்ல மேடம். எப்பவும் பஸ்ஸ்டாண்டுல என் சட்டையைப் பிடிச்சிக்கிட்டு அழுவா. விரலை ஒண்ணொண்ணாப் பிரிச்சு விட்டுட்டு வருவேன். அத நெனச்சிக்கிட்டேதான் மாசம் பூரா ஓட்டுவேன். நேத்து இறங்கினதும் அவங்கம்மாகிட்ட ஓடி, இன்னிக்கு என்னம்மா டிபன்னு கேட்டா. ஒரு தடவ கூடத் திரும்பிப் பார்க்கல."

 என் மகள் என்னை மறந்துவிட்டாளா என்று கேட்கத்தான் வந்திருந்தார். அந்தக் கேள்வி வாயிலிருந்து வெளியே வரவே இல்லை.

ஜெசிந்தா டேங்கின் நிழலில் இருந்த வாளியை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தார்.

"கைய விடுங்க சார்."

குணசீலன் விட்டார்.

"சுடுதா?"

"இல்ல மேடம்."

"அம்மா வீடு அவளுக்கும் சுட்டிருக்காது."

குணசீலன் கையை வெளியே எடுக்கவில்லை.