சக்கரம் வைத்த பெட்டி

மின்கம்பி ஏறாத மலையுச்சி ஊர் அது. அங்கே வெயிலில் மின்சாரம் தரும், சக்கரம் வைத்த சோலார் கண்டெய்னர் பெட்டி ஒன்றை டிராக்டரில் இழுத்து வந்தார்கள். காலை வெயிலை மறைக்கிறதென்று கிழக்கே தேன்கூடு தொங்கிய மரத்தை வெட்டச் சொன்னார் பொறியாளர் தணிகைவேலு. கூலிக்கு மசணன் வெட்டினான்.

மறுநாள் மாலை, மேற்கே நின்ற இன்னொரு மரத்தின் நிழல் பெட்டிமேல் விழுந்தது.

“இதையும் சாய்ச்சிடு. இல்லன்னா பெட்டி திரும்பிப் போயிடும்,” என்றார் பொறியாளர்.

மசணன் கோடாரியைக் கீழே வைத்தான். “மரத்துக்கு வேர் இருக்குங்கய்யா. பெட்டிக்குச் சக்கரந்தானே இருக்கு?”

ஊரே சிரித்தது. பெட்டியை முப்பதடி தள்ளினார்கள். வெயில் விழுந்தது, விளக்கு எரிந்தது.

“கெட்டிக்காரன்தான்,” என்றாள் அவன் மனைவி.

மசணன் அண்ணாந்து பார்த்தான். வெட்டிய மரத்தில் கூடு இருந்த உயரத்தில், தேனீக்கள் வெறுங்காற்றைச் சுற்றிக்கொண்டிருந்தன.

“நேத்து இந்தப் புத்தி வரலையே,” என்றான்.