எழும்பாத எலுமிச்சைக் கேக்

"டீச்சர், என் கேக் எழும்பவே மாட்டேங்குது."

துறைமுக அலுவலகத்திலிருந்து ஓய்வுபெற்ற இஞ்ஞாசி, துணியில் சுற்றிக் கொண்டுவந்த எலுமிச்சைக் கேக்கை மேசைமேல் வைத்தார்.

தூத்துக்குடியில் தம் வீட்டிலேயே கேக் வகுப்பு நடத்தும் பிலோமினா, அவரைவிட வயதில் மிகவும் இளையவர். கேக்கை விரலால் தட்டிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இதைக் கதவுக்கு முட்டுக்கொடுக்கலாம்."

"சிரிக்காதீங்க. மதுரையில நர்ஸா இருக்காளே என் மக ரோஸலின், அவளுக்காகச் செய்யிறேன். வெண்ணெய் போட்ட கேக் அவளுக்கு நெஞ்சைக் கரிக்குதாம். லேசா இருந்தா சாப்பிடுவேன்னா. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வாறேன்னுதான் சொல்லுதா."

"வாறாளா?"

"லீவு கிடைக்கணுமே."

பிலோமினா மறுபடி கேக்கைத் தட்டினார்.

"மாவைச் சலிச்சீங்களா?"

"ரெண்டு தடவை."

"வெண்ணெய்க்குப் பதிலா?"

"தயிரும் எண்ணெயும். நீங்க சொன்ன அளவுதான்."

"தோலைத் துருவும்போது உள்ளே இருக்கிற வெள்ளை?"

"தொடவே இல்லை."

"ஞாயித்துக்கிழமை நான் வந்து பாக்கேன்."

சொன்னபடியே இஞ்ஞாசியின் வீட்டுக்கு வந்தார். முக்காலியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இஞ்ஞாசியின் கையில் ஒரு பிழையும் இல்லை. சோடா உப்புக் கலந்த மாவில் தயிரையும் எலுமிச்சைச் சாற்றையும் ஊற்றியதும் கலவை நுரைத்துப் பூரித்தது. பதமாகக் கிளறி, நீளமான கேக் தகரத்தில் ஊற்றினார்.

பிறகு அதை ஒரு தட்டால் மூடி மேசைமேல் வைத்துவிட்டு வாசலுக்குப் போனார்.

"அண்ணாச்சி, ஓவன் சூடாயிட்டு."

"இருக்கட்டும். மதுரை பஸ் வரட்டும். அவ உக்காந்து பேசிக்கிட்டிருக்கும்போது வேகணும். சூடா எடுத்துக் கையில குடுக்கணும்."

"பஸ்ல அவ இல்லைன்னா?"

"அடுத்த பஸ்."

"அதுலயும் இல்லைன்னா?"

"இருட்டினப்புறம் வேகவைப்பேன்."

"இங்கே வாங்க."

வந்தார். பிலோமினா தட்டை அகற்றினார்.

மாவின் மேற்பரப்பில் சிறு குமிழிகள் எழுந்து உடைந்துகொண்டிருந்தன. இருவரும் குனிந்து பார்த்தனர். குமிழிகள் குறைந்தன. பிறகு ஒன்றும் எழவில்லை.

இஞ்ஞாசி நிமிரவே இல்லை.

"இட்லி மாவு மாதிரி இருக்க இருக்கப் பொங்கும்னுல்லா நெனச்சேன்."

"இதைக் கொட்டிட்டுப் புதுசாக் கலக்குங்க."

கலக்கினார். மீண்டும் நுரைத்தது. தகரத்தைக் கையில் ஏந்தியபடி வாசலைப் பார்த்தார்.

"டீச்சர், அவ இன்னும் வரலையே."

பிலோமினா ஓவன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"அவ வரும்போது ஆறிப்போயிருக்கும்," என்றார் இஞ்ஞாசி.

சூடான காற்று இருவர் முகத்திலும் அடித்தது.

இஞ்ஞாசி தகரத்தை உள்ளே வைத்தார்.

மதுரைப் பேருந்து தெருமுனையில் நின்றது. ஒரு கிழவரும் ஒரு சாக்கு மூட்டையும் இறங்கினர். பேருந்து போய்விட்டது.

வீடு முழுவதும் எலுமிச்சை மணந்தது.

வெளியே எடுத்தபோது கேக் தகரத்தின் விளிம்பைத் தாண்டி எழும்பி, உச்சியில் வெடித்திருந்தது. இஞ்ஞாசி ஒரு விரலால் அழுத்தினார். அமுங்கிய இடம் தானே மேலெழுந்தது.

ஆறியதும் பிலோமினா கத்தியை நீட்டினார்.

"அவ வந்துதான் வெட்டணும், டீச்சர். இதுவரைக்கும் நான் ஒண்ணைக்கூட வெட்டினதில்லை."

"அப்ப அதெல்லாம் எங்கே போச்சு?"

"பக்கத்து வீட்டுக் கோழிக்கு."

"கோழி கொடுத்து வச்சது."

பிலோமினா கத்தியை நீட்டியபடியே நின்றார். கடைசியில் இஞ்ஞாசி அதை வாங்கினார். ஒரு துண்டு வெட்டி வாயில் வைத்தார். கண்களை மூடிக்கொண்டார்.

கைப்பேசி ஒலித்தது.

"அப்பா, இந்த வாரமும் லீவு குடுக்கலை. அடுத்த ஞாயித்துக்கிழமை கண்டிப்பா வாறேன். காத்துக்கிட்டு இருந்தீங்களா?"

இஞ்ஞாசி வாயில் இருந்ததை மென்றுகொண்டிருந்தார்.

"அப்பா? என்ன பண்ணுதீங்க?"

"கேக் சாப்பிடுதேன்."



"என்னை விட்டுட்டா?" என்றாள் ரோஸலின்.