கோரைத்துறைக் கல்லில் ஆறாவது சோடி

தீர்ப்புச் சொல்ல ஆசைப்படுகிறவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தக் கதையில் பொல்லாதவர் எவருமில்லை. அதனால்தான் எனக்கே இது பெருங்குழப்பமாக இருக்கிறது.

கோரைத்துறை ஒரு கடலோரச் சிற்றூர். கோயில் தெரு, மாதா கோவில் தெரு, பள்ளிவாசல் தெரு என்று மூன்று தெருக்கள். மூன்றுக்கும் கடல் ஒன்றுதான். ஓர் ஐப்பசி மாதம், மூன்று தெருக்களையும் சேர்ந்த ஆறு பேர் ஒரே வள்ளத்தில் மீன்பிடிக்கப் போனார்கள். போன பிறகு புயல் எழுந்தது. வள்ளத்தின் பலகை ஒன்று கரை ஒதுங்கியது, ஆட்கள் ஒதுங்கவில்லை.

கடற்கரைப் பூங்காவில் அவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் வைக்க ஊரார் விரும்பினார்கள். உமையாள் என்ற சிற்பியை வரவழைத்தார்கள். ஆள் உருவம் கூடாது என்றது பள்ளிவாசல் தெரு. சிலுவை என்றால் கோயில் தெரு முகம் சுளித்தது. குத்துவிளக்கு என்றால் மாதா கோவில் தெரு.

"எல்லாருக்கும் பொதுவா ஒரு மீன் வைப்போமே" என்றார் ஒருவர்.

"ஆமா, ஆள முழுங்குனதுக்கே செல வைங்க" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

வள்ளம் ஏறுகிறவர்கள் செருப்பை வலைக் கொட்டகையில் கழற்றிவிட்டுப் போவது அந்த ஊர் வழக்கம். அந்த ஆறு சோடிகளும் இன்னும் அங்கேயே கிடந்தன. எடுக்க யாருக்கும் கை வரவில்லை. எல்லாம் தேய்ந்த ரப்பர் செருப்புகள். ஒவ்வொன்றிலும் பெருவிரல் அழுத்திய குழி. எது எந்தத் தெருவுடையது என்று பார்த்துச் சொல்ல முடியாது. உமையாள் குனிந்து அந்தக் குழிகளில் விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு, அவற்றை அச்செடுத்து வெண்கலத்தில் வார்த்து, கடலைப் பார்த்த வரிசையாக ஒரு கல்லின் மேல் வைக்கலாம் என்றாள்.

"செத்தவனுக்குச் செருப்பு மரியாதையா?" என்று பலர் எகிறினார்கள்.

மகன் நூர்தீனைப் பறிகொடுத்த மைதீன் பிச்சை எழுந்தார். "எம் மவன் செருப்ப தெனமும் போய்ப் பாத்துட்டுத்தான் வாறேன். எனக்கு அது அவமானமாத் தெரியல. ஆனா ஒண்ணும்மா. ஒரே வள்ளத்துல போனவங்க. வச்சா ஆறு பேரும் இருக்கணும். ஒருத்தன் விட்டுப்போனாலும் கல்லே வேண்டாம்."

உமையாள் வாக்குக் கொடுத்தாள். ஊர் ஒப்புக்கொண்டது.

மறுநாள் ஜெனோவா வந்தாள். ஆறு பேரில் ஒருவனான சவரிமுத்துவின் மனைவி. "எங்க வீட்டுக்காரர் வருவாரு. செத்தவங்க வரிசையில அவர் செருப்ப வைக்காதீங்க."

அந்த முகத்தைப் பார்த்து மறுக்க உமையாளால் முடியவில்லை. "நீங்க தராம அதைத் தொட மாட்டேன்" என்று இன்னொரு வாக்கும் கொடுத்துவிட்டாள். ஜெனோவா அந்தச் சோடியை வீட்டுக்கு எடுத்துப் போய், துடைத்து, பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

சவரிமுத்துவின் தாய் சந்தியம்மாளும் அதே வீட்டில்தான் இருந்தாள்.

"ஏளா, அவன் வர மாட்டாம்ளா. முழந்தாள் போட எனக்கு ஒரு எடம் வேணும்."

"எங்க வேணும்னாலும் போடுங்க மாமி. அங்க மட்டும் வேண்டாம்."

அன்று இரவும் இருவரும் ஒரே சட்டிக் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டார்கள்.

சந்தியம்மாள் கடைக்குப் போனாள். மகனின் கால் அளவில் ஒரு புதுச் சோடி கேட்டாள். வாரை இழுத்துப் பார்த்தாள். "சுடுமணலுக்குத் தாங்குமா?" என்று கடைக்காரரிடம் கேட்டு, தாங்கும் என்றதும் வாங்கி, நேரே உமையாளிடம் கொண்டு போனாள்.

"இது அவர் போட்டது இல்லையேம்மா?"

"அவனுக்கு வாங்குனதுதான்."

உமையாள் யோசித்தாள். ஊருக்குச் சொன்னபடி ஆறு சோடி ஆயிற்று. ஜெனோவாவுக்குச் சொன்னபடி அவள் கணவனின் செருப்பைத் தொடவுமில்லை. யாரிடமும் சொல்லாமல் வார்த்துவிட்டாள்.

திறப்பு நாள் வந்தது. கல்லை மூடியிருந்த துணியை விலக்கும் முன் குடும்பத்தார் மட்டும் உள்ளே புகுந்து பார்த்தார்கள். மைதீன் பிச்சை ஒவ்வொரு செருப்பாகத் தடவிக்கொண்டே வந்து ஆறாவதில் நின்றார்.

"இதுல விரல் குழியே இல்லையேம்மா. யாரோடது?"

உமையாள் நடந்ததைச் சொன்னாள்.

"அவர் கால் படாத செருப்பு" என்றாள் ஜெனோவா. "அவர் இங்க இல்ல."

"அளவு பாத்து அவனுக்குன்னு வாங்குனது" என்றாள் சந்தியம்மாள். "எம் பிள்ள இங்கதான் இருக்கான்."

"அப்ப அஞ்சு பேருதான இருக்காங்க?" என்றார் மைதீன் பிச்சை. கல் போனால் நூர்தீனின் செருப்பும் அதோடு போகும். "பேசுன பேச்சுப்படி கல்லே வேண்டாம்."

"நான் ரெண்டு வாக்கையுமே மீறலையே" என்றாள் உமையாள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். அந்தக் கல்லில் சவரிமுத்து இருக்கிறானா, இல்லையா? இந்த நால்வரில் யார் செய்தது சரி?

விடை: சந்தியம்மாள் செய்ததே சரி என்று நினைக்கிறேன். ஒருவனும் விடுபடக் கூடாது என்றார் மைதீன் பிச்சை. தன் கணவனை இறந்தவனாக்கக் கூடாது என்றாள் ஜெனோவா. சுடுமணலுக்குத் தாங்குமா என்று பார்த்து வாங்குவது இனி நடக்கப்போகிறவனுக்கு. வர மாட்டான் என்றவள் அப்படி வாங்கினாள். வருவான் என்றவள் பழையதைப் பூட்டி வைத்தாள். அந்தப் புதுச் சோடி அவனுக்கு விடப்பட்ட இடம். அதில் வந்து நிற்பதும் நிற்காததும் அவன் பாடு. உமையாள் இதை மற்ற இருவரிடமும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். வாக்கின் எழுத்தைக் காப்பாற்றியவள் அதன் உயிரை மறந்தாள். மைதீன் பிச்சை ஆறாவது சோடியை மறுபடி தடவிப் பார்த்துவிட்டு, "ஆறுதான்" என்று துணியைத் தாமே இழுத்தார். விடை இவ்வளவுதான். ஆனால் திறப்புக்குப் பின், இறந்தவர்களை நினைக்கும் கல்லறைத் திருநாளில், சந்தியம்மாள் அங்கே ஏற்றிய மெழுகுவத்தி கடற்காற்றில் அணைந்தபோது, தள்ளி நின்ற ஜெனோவா வந்து தீக்குச்சி உரசிக் கொடுத்தாள். மாமிக்காகவா, அவனுக்காகவா? அது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.